மூன்று புள்ளிக்கு மூன்று மீட்டர்

வண்டி வந்து மூன்று மாதம் ஆயிற்று. இன்னும் வாசலை விட்டு நகரவில்லை. டீசல் இருந்தது. ஓட்டத் தெரிந்த தெய்வானை இருந்தாள். போக வேண்டிய ஊரும், அங்கே காத்திருக்கிற ஆளும் இருந்தார்கள். இல்லாதது ஒரு மீட்டர்தான்.

படுக்கை, அடுப்பு, குட்டி ஃப்ரிட்ஜ், கை கழுவத் தொட்டி என்று ஒரு வீட்டையே சுருட்டி உள்ளே வைத்த வேன் அது. வண்டி கிளம்ப ஒரு பேட்டரி. உள்ளே விளக்கும் ஃபேனும் ஃப்ரிட்ஜும் ஓட இன்னொரு பேட்டரி. இந்த இரண்டாவதில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று காட்டும் மீட்டரை மட்டும் வண்டி கட்டிக் கொடுத்தவர்கள் வைக்கவில்லை. "அது உங்க விருப்பங்க" என்று பலகையில் சதுரமாக ஓர் ஓட்டையைப் போட்டு விட்டுவிட்டார்கள். பாவம், எந்தக் குடும்பத்திடம் விருப்பம் கேட்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது.

அரிமளத்துக்குப் பக்கத்து ஊரில் இருக்கும் அந்தப் பெரிய வீடு மூன்று பங்காளிகளுக்குப் பொது. முகப்பு பொது, நடுவளவு என்கிற உள்முற்றம் பொது, வளவைச் சுற்றி இருக்கும் அறைகள் மட்டும் புள்ளிக்கு இரண்டு. கல்யாணமான ஒரு ஜோடி என்றால் ஒரு புள்ளி. ஊர்க் கணக்கு அப்படி. கூரையில் ஓர் ஓடு உடைந்தாலும் மூன்று புள்ளியும் ஒப்புக்கொள்ளாமல் மாற்ற முடியாது. அதனால் இரண்டாங்கட்டில் மழை நாலாவது பங்காளி மாதிரி வந்து போய்க்கொண்டிருந்தது. வண்டியையும் அதே சட்டப்படி பொதுவில் வாங்கியிருந்தார்கள்.

முதல் புள்ளி தெய்வானையின் கணவர் ராமசுப்பிரமணியன். வங்கியில் மண்டல அதிகாரியாக இருந்தவர். வங்கி அவருக்கு ஓய்வு கொடுத்துவிட்டது; அவர்தான் இன்னும் யாருக்கும் ஓய்வு கொடுக்கவில்லை. இரண்டாவது, சித்தப்பா மகன் சோமு. ஒரு பழைய பங்களாவை வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் விடுதியாக்கி, பாரம்பரியம் என்ற சொல்லை வேளைக்கு ஒரு முறை உட்கொண்டு வருபவர். மூன்றாவது, பெங்களூரில் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கும் ராம்நாத். வசிப்பது வாட்ஸப்பில், எப்போதாவது மனைவி ஹேமாவோடு நேரிலும் வருவான்.

மாதத்துக்கு ஒரு புள்ளி என்று வண்டிக்கு முறை. மாசி மாதம் தெய்வானையின் முறை, அதுவும் முடியப் போகிறது. மதுரைக் காலேஜ் ஹாஸ்டலில் அவளோடு ஒரே அறையில் இருந்த ஷர்லி, மணப்பாட்டு வீட்டை விற்றுவிட்டு மகனோடு இருக்க ஆஸ்திரேலியா போகிறாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை விமானம். இனித் திரும்பி வருகிற வயதில்லை.

"வண்டியக் கொண்டுட்டு வாடி. கடற்கரையில போட்டுப் படுத்துக்குவோம்" என்றாள் ஷர்லி போனில். "வார்டனுக்குப் பயந்து பாதியில விட்ட பேச்செல்லாம் அப்படியே கெடக்கு."

பஸ் ஏறிப் போயிருக்கலாம். ஆனால் ஷர்லி இப்போது ஒண்டியிருப்பது தம்பி வீட்டுக் கூடத்தில், எட்டுப் பேருக்கு நடுவே. தெய்வானைக்கோ தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் கோளாறு. திருச்சி டாக்டர் கொடுத்த மிஷினின் குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டால்தான் தூக்கம். மாட்டாவிட்டால் குறட்டை. அதுவும் கதவு ஜன்னலெல்லாம் பதில் சொல்கிற குறட்டை.

'நம்ம வீட்டுப் பொம்பளைங்க குறட்டை விட மாட்டாங்க' என்பது அந்தக் குடும்பத்தின் பெருமைகளில் ஒன்று. அதனால் யாராவது மிஷினைப் பார்த்துவிட்டால் ராமசுப்பிரமணியன், "காத்தச் சுத்தம் பண்றது. பம்பாய்ல இருந்தப்பப் பழகிருச்சு" என்று முந்திக்கொள்வார். ஆக, மூன்று புள்ளியிலும் ராத்திரி முழுக்க கரண்டு தேவைப்படுகிற ஆள் அவள் ஒருத்திதான். மீட்டரைப் பற்றி அவளிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை.

நடுவளவில் கூட்டம் போட்டார்கள். ராமசுப்பிரமணியன் லேப்டாப்பை டிவியில் மாட்டி, தாம் தேர்ந்து வைத்த மீட்டரை ஒவ்வொரு படமாகத் தள்ளிக் காட்டினார்.

"இதுல இல்லாத விவரமே கெடையாது. வோல்ட், ஆம்பியர், வாட், சூடு, பேட்டரி பொறந்ததுலேருந்து எத்தன தடவ சோந்து போச்சு, ஆகக் கூட சோந்தது என்னைக்கு..."

"மிச்சம் எவ்வளவுன்னு காட்டுமாங்க?" என்றாள் தெய்வானை.

"அதுவும் இருக்கு. நாலாவது பக்கத்துல."

சோமு தொண்டையைச் செருமினார். "அண்ணே, கோவிச்சுக்காதீங்க. அந்தக் கறுப்பு பிளாஸ்டிக்கக் கொண்டாந்து நம்ம வண்டியில வச்சா, தேக்குக் கதவுல கேஸ் கம்பெனி ஸ்டிக்கர ஒட்டுன மாதிரி இருக்கும். பினாங்குலேருந்து மச்சான் ஒண்ணு அனுப்புறாரு. செவப்புல பெரிய பெரிய நம்பர். அதுக்கு பர்மாத் தேக்குல சட்டம் போட்டு, ரெண்டு பக்கமும் யாளி செதுக்கிட்டம்னா..."

"பேட்டரிக்கு யாளி எதுக்குப்பா?"

"காவலுக்குண்ணே."

ராம்நாத் வீடியோவில் சிரித்தான். "ஸ்கிரீனே வேணாம் பெரியண்ணே. எல்லாம் போன்லயே பாத்துக்கலாம். ஒரு சிம் டப்பா வச்சாப் போதும், அங்க ஃபேன் ஓடுதான்னு நான் பெங்களூர்லேருந்தே பாத்துருவேன்."

"பாத்து?" என்று ராமசுப்பிரமணியன் கேட்பதற்குள், படத்தில் தெரியாத ஹேமாவின் குரல் வந்தது: "பாத்து, அணைங்கன்னு மெசேஜ் போடுவாரு. இங்கயும் அதான நடக்குது."

"எனக்கு ராத்திரியில கண்ணாடி போடாமத் தெரியணும்" என்றாள் தெய்வானை. "மிச்சம் இவ்வளவுன்னு ஒரே ஒரு நம்பர். அது போதும்."

"சொல்றோம் ஆச்சி, சொல்றோம்" என்றார் சோமு, ஜவுளிக்கடையில் அழுகிற பிள்ளையைச் சமாதானம் செய்வது போல.

இப்படியே தையும் போய் மாசியும் முக்கால்வாசி தேய்ந்தது. தீராத வழக்கு எதுவானாலும் அந்த வீட்டுக்குத் தெரிந்த தீர்ப்பு ஒன்றுதான்: புள்ளிக்கு ஒன்று. அம்மி மூன்று, உரல் மூன்று, கரண்டு இணைப்பு மூன்று. ஆகவே மீட்டரும் மூன்று. அரிமளத்திலிருந்து எலெக்ட்ரீஷியன் திருப்பதி வந்து மூன்று டப்பாக்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒரே பேட்டரிக்கு மூணாங்க?"

"மாட்டலாமா, கூடாதா? அத மட்டும் சொல்லுங்க" என்றார் ராமசுப்பிரமணியன்.

"தாராளமா மாட்டலாங்க. ஒரே கையில மூணு வாட்ச்சு கட்டக்கூடாதுன்னு சட்டமா இருக்கு?" என்று சொல்லிவிட்டு, இன்னும் இரண்டு ஓட்டை போட்டார்.

மீட்டர் மூன்றும் பார்க்கத்தான் வேறு, வேலை ஒன்றேதான். பேட்டரிக்குள் எட்டிப் பார்க்கத் தெரியாது. வாசலில் உட்கார்ந்து உள்ளே போவதையும் வெளியே வருவதையும் எண்ணிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். முதலில் பேட்டரியை நிறையச் சார்ஜ் செய்துவிட்டு, பொத்தானை அமுக்கி 'இப்போது நூறு' என்று நாம்தான் அதற்குச் சொல்லித் தர வேண்டும். தெய்வானை இதைப் படித்து வைத்திருந்தாள்.

"நெறைய சார்ஜ் போட்டப்பறந்தாங்க அமுக்கணும். புதுப் பேட்டரி பாதிதான் இருக்கும்."

"நல்ல காரியம் ஆரம்பிக்கிறப்ப பாதிங்கிற வார்த்தை ஒன் வாயில எதுக்கு வருது?" என்றார் ராமசுப்பிரமணியன். "நெறவாத்தான் ஆரம்பிக்கணும்."

சார்ஜ் போடவும் வழியில்லை. பொது வண்டிக்கு எந்தப் புள்ளியின் லைனிலிருந்து கரண்டு எடுப்பது என்ற கேள்வி நிலுவையில் இருந்தது. கூரையில் சோலார் பலகை உண்டு. ஆனால் பெயிண்ட் வெளுத்துவிடும் என்று வண்டிக்கு மேல் சோமு கீற்றுப் பந்தல் போட்டிருந்தார். பாரம்பரியமான பந்தல், ஒரு பொட்டு வெயில் இறங்காது.

வியாழக்கிழமை குரு ஹோரையில், பட்டு வேட்டியோடு, சூடம் காட்டி, ராமசுப்பிரமணியன் தம் மீட்டரை அமுக்கினார். நூறு என்று வந்தது. எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சோமுவின் பஞ்சாங்கம் வேறு. அதன்படி நல்ல நேரம் சனிக்கிழமைதான் வந்தது. அதற்குள் ஊரே வந்து வண்டியைப் பார்த்து, ஃபேன் காற்று வாங்கி, ஃப்ரிட்ஜில் வைத்த ரோஸ் மில்க்கைக் குடித்துவிட்டுப் போயிருந்தது. அதனால் என்ன? சோமு அமுக்கியதும் அதிலும் நூறு. திங்கட்கிழமை ஹேமாவோடு வந்து இறங்கிய ராம்நாத்துக்குப் பஞ்சாங்கத்தில் நம்பிக்கை கிடையாது. போன் என்னவோ கேட்டது, படிக்காமலே 'சரி' என்று அமுக்கினான். மூன்றாவது நூறு.

செவ்வாய்க்கிழமை காலையில் ராமசுப்பிரமணியன் மீட்டர் ஐம்பத்தெட்டு என்றது. சோமுவுடையது எழுபத்தாறு. ராம்நாத்தின் போன் தொண்ணூற்று மூன்று.

"என்னுது விஞ்ஞானம்" என்றார் ஒருவர். "என்னுது பினாங்கு" என்றார் மற்றவர். "கிளவுட்ல தப்பு வராதுண்ணே" என்றான் மூன்றாமவன்.

ஷர்லியிடமிருந்து போன். "எப்ப வர்றடி?"

"நாளைக்குக் காலைல."

"பொங்கல்லேருந்து நாளைக்குக் காலைலதான் சொல்லுற. நான் போயி அங்க குளிரடிச்சுச் செத்தப்பறம் வா."

தெய்வானை போனை வைத்துவிட்டு நேரே கணவரிடம் போனாள். "சாப்பிட்டுட்டு மத்தியானம் நான் வண்டிக்குள்ள படுத்துப் பாக்கப் போறேன்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "அந்த மிஷினோடயா? பங்காளிங்க எல்லாம் இருக்காங்க தெய்வான."

"கதவச் சாத்திக்கிறேன்."

குழாயை மாட்டிக்கொண்டு படுத்தாள். வெளியே பந்தலடியில் நாற்காலி போட்டு, திறந்த ஜன்னல் வழியாக மீட்டரைப் பார்த்தபடி மூவரும் வாதாடுவது கொஞ்ச நேரம் கேட்டது. அப்புறம் நல்ல தூக்கம். விழித்தபோது நெஞ்சு அடைத்துக்கொண்டு, தொண்டை காய்ந்து, மூக்கில் வெறும் குழாய் தொங்கியது. மிஷினில் விளக்கில்லை. ஃபேன் நின்றிருந்தது. மீட்டர்கள் கறுத்திருந்தன. வெளியே சத்தமே இல்லை. அந்த மூன்று பேர் இருக்கிற இடத்தில் சத்தம் இல்லை என்பதுதான் அவளைப் பயமுறுத்தியது. கதவைத் திறந்தாள்.

எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். ஹேமா முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள்.

"ஆச்சி... வண்டிதான் தானா ஸ்டார்ட் ஆயிருச்சுன்னு நெனச்சோம். சோமு அண்ணன் சாவியத் தேடிக்கிட்டு உள்ள ஓடுனாரு."

"ஐம்பதுல இருந்துச்சு, டப்புன்னு போயிருச்சு" என்றார் ராமசுப்பிரமணியன், யாரையும் பார்க்காமல். "சோமுவுது அறுபத்தெட்டு." ராம்நாத்தின் போனில் மட்டும் எண்பத்தைந்து நின்றது, போய்ச் சேர்ந்தவரின் ஸ்டேட்டஸ் மாதிரி.

"அந்தச் சத்தம் என்னன்னா," என்று ராமசுப்பிரமணியனே தொடங்கினார், "வண்டிக்குள்ள காத்து அடைபட்டா..."

"குறட்டைங்க" என்றாள் தெய்வானை. "என்னோட குறட்டை. இது காத்தச் சுத்தம் பண்றதும் இல்ல, ஒண்ணும் இல்ல. மூச்சு மிஷின். இது நின்னா நான் இப்படித்தான் கத்துவேன். கொஞ்சம் கூடப் போனா கத்தவும் மாட்டேன். அதுக்குத்தான் மிச்சம் எவ்வளவுன்னு கேட்டேன்."

"நம்ம வீட்டு ஆச்சிகளுக்கா?" என்றார் சோமு, கோயில் கலசம் சாய்ந்ததைக் கண்டவர் போல.

பிறகு ராமசுப்பிரமணியன் மண்டல அதிகாரியாகத் தேறினார். மூன்று மீட்டருக்கும் நடுவில் தீர்ப்புச் சொல்ல, எந்தப் புள்ளியையும் சேராத ஒரு பொது மீட்டர் வாங்குவதுதான் முறை என்றார். மற்ற இருவரும் முகம் மலர்ந்தார்கள். எதை வாங்குவது என்று ராம்நாத் அங்கேயே குரூப்பில் வாக்கெடுப்பு போட்டான்.

தெய்வானை வண்டியின் வயரை இழுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"ஏய், யார் லைன்ல?"

"என் அடுப்படி லைன்ல. வேணும்னா குழம்பு வைக்கலன்னு எழுதிக்குங்க."

புதன்கிழமை விடிந்தபோது சார்ஜரில் பச்சை விளக்கு எரிந்தது. அவள் மூன்று மீட்டரையும் ஒரு தடவை பார்த்தாள். ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, சிவப்பு எண்ணில் பாதியை மறைத்துக்கொண்டு நின்ற தேக்குச் சட்டத்தைக் கழற்றி, யாளிகளோடு சோமுவின் கையில் கொடுத்தாள். பிறகு சோமுவின் மீட்டரை அமுக்கினாள். நூறு. எந்த ஹோரை என்று அவள் பார்க்கவில்லை. மற்ற இரண்டின் மேலும் ஒரு துண்டைப் போட்டாள்.

சோமு பெருமைப்படுவதா, யாளிக்கு அழுவதா என்று தெரியாமல் நின்றார். ராமசுப்பிரமணியனுக்கு அந்தக் குழப்பம் இல்லை. குறட்டையைக்கூட ஒருவாறு ஜீரணித்திருந்தார், இது இறங்கவில்லை.

"நம்ம மீட்டர் என்னத்துக்கு இருக்கு? பங்காளி மீட்டரப் பாத்தா தூங்குவ?"

"உங்களுதுல நாலாவது பக்கத்துல இருக்கு. இது கண்ணாடி போடாமத் தெரியுது."

"இருந்தாலும் நம்ம புள்ளிக்குன்னு ஒரு..."

"மீட்டரா மூச்சு விடப் போவுது? நானுல்ல விடணும்" என்று அவள் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். அவர் கூட வருவதாக இருந்தார். ஆனால் பொது மீட்டர் கமிட்டிக்குத் தலைவர் அவர்தான், பத்து மணிக்குக் கூட்டம்.

வண்டியைப் பந்தலிலிருந்து வெளியே எடுத்து, அறந்தாங்கிப் பக்கம் திருப்பி நிறுத்தி, ஷர்லிக்குப் போன் போட்டாள்.

"கெளம்பிட்டேன்."

"நம்ப மாட்டேன். ஹாரன அடி."

தெய்வானை ஹாரனை அழுத்தினாள். பந்தலடியில் பங்காளிகள் மூவரும் ஒரே நேரத்தில் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தார்கள். வண்டி வாங்கிய நாளிலிருந்து அவர்கள் ஒருமனதாகச் செய்த முதல் காரியம் அது.