நான்காம் நாள் காம்பு

ட்ரென்ட் வந்த முதல் நாளே வாசலில் நின்று எல்லார் பையையும் கொட்டச் சொன்னான். ஹம்போல்ட் மலையில் லைசென்ஸ் வாங்கிக் கஞ்சா பயிரிடும் அந்தப் பண்ணைக்கு அவன் புது மேனேஜர். அதற்கு முன்னால் ஏதோ ஹோட்டலில் இருந்தானாம். உலர்த்தும் அறைக்குப் பொறுப்பான ரோவீனாவின் பையில் ஆஸ்துமா மருந்தும் பாதி சாண்ட்விச்சும்தான் இருந்தன.

"சரக்கை எங்க ஒளிச்சு வெச்சிருக்கீங்க?"

"நான் ஒரு இழுப்புகூட இழுத்ததில்ல. எனக்கு மூச்சு நின்னுடும்."

"கஞ்சாப் பண்ணையில பதினோரு வருஷம் இருந்துட்டா? யார் காதுல பூ சுத்தறீங்க?"

அப்போதே அவளுக்கு அவனைக் கண்டால் ஆகாமல் போனது. இங்கே இருப்பவர்கள் எல்லாம் கிறங்கிக் கிடப்பார்கள், மேய்க்க ஒரு விசில் போதும் என்று நினைத்து வந்த மேனேஜர்களில் இவன் நான்காவது ஆள். தலைமுடியை மூடி, கையுறை மாட்டி, செடிக்குச் செடி நம்பர் அட்டையைச் சரிபார்த்து, அறையின் ஈரத்தை மணிக்கொரு தரம் குறிக்கிற வேலை இது. கிறங்கியவன் ஒரு நாள் தாங்கமாட்டான்.

அக்டோபர் மழை பிடித்துக்கொண்டது. வெட்டிய கிளைகள் உலர்த்தும் அறையில் தலைகீழாகத் தொங்கின. தொங்கவிட்ட நான்காம் நாள் காலை ட்ரென்ட் ஒரு மொட்டை நசுக்கினான். மொறமொறவென்று உதிர்ந்தது.

"காஞ்சாச்சு. வாளியில அடைங்க."

ரோவீனா அதே கிளையின் காம்பை வளைத்தாள். ரப்பர் மாதிரி வளைந்தது.

"காம்பு படக்குன்னு ஒடியணும். வளைஞ்சா உள்ள தண்ணி இருக்குன்னு அர்த்தம். நேத்து ஹீட்டரைக் கூட்டினது நீதானே? மேல்தோலை மட்டும் வறுத்து வெச்சிருக்க. இப்ப அடைச்சா பூசணம் பிடிக்கும்."

"களைச் செடிம்மா இது. தானா வளரும், தானா காயும். இதுக்கு ஒரு டாக்டர் பட்டம் வேணுமா?"

மற்றவர்களைக் கூப்பிட்டு அவனே அடைக்க வைத்தான். காய்ந்த மொட்டுகளைக் கத்தரித்துச் சீராக்குகிற வேலைக்காரி லூப்பே மட்டும் ரோவீனாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் மூடியை அழுத்தினாள்.

ஒன்பது நாள் கழித்து மூடியைத் திறந்தபோது மூத்திர நெடி குப்பென்று அடித்தது. மொட்டைப் பிளந்தால் நடுவில் சாம்பல் நிறப் பூசணம். அன்று அடைத்த பன்னிரண்டு வாளியிலும் அதே கதைதான்.

ட்ரென்ட் அசரவில்லை. "முன்னாடி அடைச்ச நல்ல சரக்கோட சேர்த்து அரைச்சு, பேப்பர்ல சுருட்டி வித்துடலாம். லேப் சோதனைக்கு மட்டும் அந்த நல்ல வாளியிலேர்ந்து எடுத்துக் குடு. எரியற சாமானுக்குப் பூசணம் என்ன பண்ணும்?"

"என் தம்பி ஆர்லோ புத்துநோய்க்கு மருந்து ஏத்திக்கிட்டிருக்கான். சாப்பாடு உள்ள இறங்கணும்னு நம்ம கஞ்சாச் சுருட்டைத்தான் வாங்கறான். அவன் நெஞ்சுக்குள்ள இந்தப் பூசணம் போனா ஆளே இருக்கமாட்டான், தெரியுமா உனக்கு?"

"குடும்பக் கதையெல்லாம் வீட்டோட. சொன்னதைச் செய்."

அவன் அந்தப் பக்கம் போனதும் ரோவீனா வாளிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக் கழிவு மூலைக்குப் போனாள். கெட்ட சரக்கை மண்ணோடு கலந்து, யாருக்கும் உதவாமல் ஆக்க வேண்டும். அதையும் கேமரா முன்னால் செய்ய வேண்டும். அதுதான் சட்டம். கலந்துவிட்டால் மீட்க முடியாது. ஒவ்வொரு வாளியின் நம்பரையும் கேமராவுக்குக் காட்டிவிட்டுக் கவிழ்த்தாள். சேற்றையும் காப்பிச் சக்கையையும் போட்டு மண்வெட்டியால் கிளறினாள். மூச்சு இரைத்தது. லூப்பே இன்னொரு மண்வெட்டியோடு வந்து கூடவே கிளறினாள்.

கடைசி வாளியின்போது ட்ரென்ட் ஓடி வந்தான். "நிறுத்துடீ! இந்த நிமிஷமே உனக்கு வேலை போச்சு!"

"கத்து. கேமரா பாக்குது. நீ எதுக்குக் கத்தறேன்னும் சேர்த்துச் சொல்லிடு."

அவன் கேமராவை அண்ணாந்து பார்த்தான். பல்லைக் கடித்தபடி, "கஞ்சாக்காரங்க எல்லாம் சாதுன்னு சொன்னாங்களே," என்றான்.

"சொன்னவன் இங்க ஒரு நாளும் வேலை பார்த்திருக்கமாட்டான்."

சாவிக்கொத்தைச் சேற்றில் போட்டுவிட்டு நடந்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் ஆர்லோ போன் செய்தான். குரல் கம்மியிருந்தது. "அக்கா, கடையில நம்ம சுருட்டு வரலையாம். உங்க பண்ணை ஆளுங்க எல்லாம் இழுத்துட்டு மல்லாந்துட்டாங்களா?"

ட்ரென்ட் மேல்கூட ரோவீனாவுக்கு இவ்வளவு ஆத்திரம் வந்ததில்லை.

"வாயை மூடிக்கிட்டு சூப்பைக் குடிடா," என்றாள்.