ஆரோக்கியம்மாளின் ‘கே வா’

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் இலுப்பூர்ப் பக்கத்துக் கிராமத்து மிஷன் ஆஸ்பத்திரியில் ஊசி கொதிக்கவைக்கும் வேலை பார்த்தாள் ஆரோக்கியம்மாள். புருஷன் செத்தபின் அண்ணன் வீட்டில் ஒண்டிக்கிடந்தவளை ஸ்பெயின் நாட்டுக் கன்னியாஸ்திரி சிஸ்டர் பிலார்தான் சேர்த்துக்கொண்டார். ஸ்பெயினிலிருந்து சபைத் தலைவி மதர் வருகிறார், அங்கே நர்சு படிக்க ஸ்பானிய மொழி பேசத் தெரிந்த ஒரு பெண்ணை அழைத்துப்போவார் என்று தெரிந்ததும் அவளுக்கு ஸ்பானியப் பித்துப் பிடித்தது. தேறாவிட்டால் மறுபடி அண்ணி முகத்தில்தான் விழிக்க வேண்டும்.

புத்தகப் பாடத்தை அவள் ஒப்பித்தபோது சிஸ்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“ஏ புள்ள, இது பூசைப் பிரசங்கம்ல! எங்க ஊருச் சந்தையில இப்படிப் பேசுனா ஓடிருவாங்க.”

“அப்ப எப்படிங்க பேசுறது?”

“களைச்சுப்போனா ‘எச்சா போல்வோ’. தூளாயிட்டேன்னு அர்த்தம். ‘சேச்சே, அதெல்லாம் இல்ல’ன்னு சொல்லணுமா? தோளைக் குலுக்கி, ‘கே வா!’ ‘அட, பின்னே?’ங்கிறதுக்கு ‘ஓம்ப்ரே, க்ளாரோ!’”

அன்றிலிருந்து ஒரே அமர்க்களம். தண்ணீர் சேந்திவிட்டு ‘எச்சா போல்வோ’. சாப்பிட்டாயா என்றால் ‘ஓம்ப்ரே, க்ளாரோ’. கம்பவுண்டர் மலையாண்டி, “சிஸ்டர், இதுக்கு மருந்து இல்லீங்களா?” என்றார். தான் சத்தமாகச் சிரிப்பது ஆரோக்கியம்மாளுக்கே புதிதாக இருந்தது.

மதர் வந்தார். அவள் பேசப் பேச அவர் புருவம் உயர்ந்தது. கடைசியில் ஸ்பானிய மொழியில் கேட்டார்: “என்னோடு வருகிறாயா?”

அவள் வளர்ந்த வீட்டில், கேட்டவுடன் தலையாட்டினால் பறக்காவெட்டி என்பார்கள். முதலில் மறுப்பதுதான் மரியாதை. வாய் தானாகச் சொல்லிவிட்டது, தோளும் குலுங்கியது: “கே வா, மதர்!”

திக்கித் திணறிச் சொல்லியிருந்தால் கூச்சம் என்று மதர் நினைத்திருப்பார். இதுவோ அவர் ஊர்க்காரி சொன்னதுபோல் அச்சாக இருந்தது. “விருப்பமில்லை போலும்” என்று பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

ஆரோக்கியம்மாள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

நல்லவேளை, சிஸ்டர் பிலாருக்கு அந்த மரியாதை தெரியும். ஊருக்கு வந்த புதிதில், முதல் ‘வேண்டாங்க’வை நம்பிச் சோற்றை நிறுத்தி, ஒரு பந்தியையே அரை வயிற்றோடு அனுப்பியவர் அவர். ஓடிப்போய் வாசலை மறித்தார்.

“மதர், இங்கே முதல் ‘வேண்டாம்’ செல்லாது. மூன்று தடவை கேட்க வேண்டும்.”

மதர் சிரித்தபடி திரும்பினார். “வருகிறா...”

“ஓம்ப்ரே, க்ளாரோ!”

“ஏ புள்ள, இன்னொரு தடவை வேண்டாம்னு சொல்லணும்ல?” என்று சிஸ்டர் தமிழில் அதட்டினார்.

“அட போங்க சிஸ்டர், நான் பறக்காவெட்டியாவே இருந்துட்டுப் போறேன்!”