கட்டைக்கால் எழுத்து

மனைவி பாக்கியம் வீட்டைவிட்டுப் போன ஒன்பதாம் நாள், சிரில் அவளுக்காக ஒரு சுவரொட்டி அச்சடித்தான்.

பிரிக்பீல்ட்ஸில் தம்புசாமியின் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோப்பவன் அவன். அங்கிருந்த பெரிய மர எழுத்துகள் எல்லாம் இங்கிலீஷ். ஒவ்வொன்றின் தலையிலும் அடியிலும் செங்கல் வைத்ததுபோலச் சதுரக் கட்டைகள். உடம்பு எவ்வளவு தடிமனோ கட்டைகளும் அவ்வளவு. மெல்லிய எழுத்துகள் பத்தடி தள்ளிப் போனால் மங்கிவிடும். இவை ஓடும் ரயிலிலிருந்து பார்த்தாலும் நிமிர்ந்து நிற்கும், மட்டமான காகிதத்திலும் சிதையா. ஏலம், சர்க்கஸ், தேடப்படும் ஆள் என்று ஊரையே கூப்பிட வேண்டியதற்கெல்லாம் இவைதான். கூடத்தில் கட்டைக்கால் என்பார்கள்.

'பாக்கியம், வீட்டுக்கு வா' என்று அதில் இங்கிலீஷில் கோத்தான்.

"ஏண்டா சிரில், ஏலம் கூவுற எழுத்துலயா பொஞ்சாதியக் கூப்புடுவ?" என்றார் தம்புசாமி.

"தூரத்துலேருந்து தெரியணும் மொதலாளி."

"அதுக்குத்தான் படிக்கத் தெரியாதே."

"தெரிஞ்சவங்க யாராச்சும் படிச்சுச் சொல்லுவாங்கல்ல."

 சிரில் எழுத்துகளின் மேல் மை உருளையை ஓட்டினான். பேசிப் பேசித்தான் அவளை அனுப்பியிருந்தான். கஞ்சி அடிப்பிடித்ததில் தொடங்கிய சண்டை. கடைசியில் அவள் மூட்டையைத் தூக்கியபோது, "போ, போலீஸ விட்டு இழுத்துட்டு வரேன்!" என்று கத்தினான். கோபத்தில் சொன்னது. மறுநாளே அவனுக்கு மறந்துவிட்டது.

துறைமுக ஊரான கிள்ளானில் அவளைப் பார்த்ததாக யாரோ சொன்னார்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் போய் அங்கே ரயில் ஸ்டேஷன் சுவரில் ஒட்டினான். அடுத்த ஞாயிறு மறுபடி போனான். எதிரே கோப்பிக்கடை வைத்திருந்த பக்கிரிசாமியிடம் அவள் அடையாளம் சொல்லி விசாரித்தான்.

"வந்துச்சே தம்பி. கழுத்துல சிலுவை, கையில மூட்டை. செவ்வாக்கிழம. ரொம்ப நேரம் அதையே பாத்துக்கிட்டு நின்னுச்சு. 'அண்ணே, இது போலீஸ் ஒட்டுனதா?'ன்னு கேட்டுச்சு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எனக்கென்ன இங்கிலீஸா தெரியும்? போன மாசம் ஒரு திருடனுக்கு இதே எழுத்துலதான் ஒட்டியிருந்தாங்க. ஆமாம்மா, யாரையோ புடிக்கத் தேடுறாங்கன்னு சொன்னேன்."

"அப்புறம்?"

"முக்காட்ட இழுத்து விட்டுக்கிட்டு, கப்பலுக்கு எப்படிப் போவணும்னு கேட்டுச்சு. சங்கிலிய வித்துட்டு, நம்ம ஊருக்குப் போற நாகப்பட்டணக் கப்பல்ல ஏறிடுச்சாம். துறைமுகத்துல வேல செய்யுற என் மச்சான் பாத்திருக்கான்."

பக்கிரிசாமி கோப்பியை நீட்டினார். அது ஆறும்வரை சிரில் வாங்கவில்லை.

"அப்படி என்னதான் தம்பி எழுதியிருக்கு அதுல?"

சிரில் கோப்பியைக் கீழே வைத்தான். அவள் நின்ற இடத்தை மட்டும் காட்டச் சொல்லி, அங்கே போய் நின்றான். அவள் கண்ணுக்குத் தெரிந்ததுபோல, சொல்லே இல்லாமல், வெறும் கறுப்புக் கட்டைகளாக அதை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று முயன்றான். கண்ணை மூடித் திறந்தான். தலையைச் சாய்த்துப் பார்த்தான்.

முடியவில்லை. எவ்வளவு நேரம் நின்றாலும் அது வீட்டுக்கு வா என்றேதான் சொல்லிக்கொண்டிருந்தது.