துடைப்பத்துக்கு வேலையில்லாத இடம்

நான் நிலம் வாங்கினேன். நிலம் என்றதும் வீட்டுமனை என்று நினைத்துவிட வேண்டாம். அங்கே வீடு கட்டக்கூடாது என்று அரசாங்கமே எழுதி வைத்திருக்கிறது. நகரத்தை விட்டு வெளியே போகும் பேருந்தில் கடைசி நிறுத்தத்தில் இறங்கி, ஓட்டுத் தொழிற்சாலையின் மதிலை ஒட்டி நடந்தால் ஒரு சரிவு வரும். கீழ்ப்பாதியில் இடுப்பளவு புல். மேல்பாதியில் மரங்கள். அந்த மரங்களின் பெயர் எனக்குத் தெரியாது. அவற்றுக்கும் என் பெயர் தெரியாது. சரிக்குச் சரியாகப் போயிற்று.

எதற்கு வாங்கினாய் என்று கேட்காதவர்கள் இல்லை. விற்ற பல் டாக்டரே கேட்டார். பத்திரத்தில் கையெழுத்துப் போடப் போன பேனாவை அந்தரத்தில் நிறுத்தி, "நல்லா யோசிச்சுட்டீங்களாம்மா?" என்றார். விற்கிறவர் வாங்குகிறவளைப் பார்த்துப் பரிதாபப்பட்ட வியாபாரம் வேறு எங்காவது நடந்திருக்கிறதா தெரியவில்லை. நான் தலையை ஆட்டினேன். அவர் போட்டுவிட்டார்.

பணம் ஏது என்று கேட்பவர்களுக்கு: அது என் பணம். அதற்கு மேல் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள் இத்தோடு எழுந்து போகலாம்.

எங்கள் குடும்பத் தொழில் சுத்தம் செய்வது. அப்பா ஒரு வாளியோடு தொடங்கினார். அண்ணன் அதை வேன், இயந்திரம், சீருடை என்று வளர்த்துவிட்டார். அலுவலகங்கள், ஒரு வங்கி, கண்ணாடியாலேயே கட்டிய ஒரு கட்டடம், எல்லாம் எங்கள் கையில்தான். அண்ணனுக்கு ஊரில் 'பளிச்சு' என்று பட்டப்பெயர். கேலியாக வைத்ததை அவர் பெருமையாக எடுத்துக்கொண்டு வேனின் பக்கவாட்டில் எழுதி வைத்துவிட்டார். நான் பளிச்சின் தங்கை. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அவரிடம்தான் வேலை பார்க்கிறேன்.

மேசைக்கு அடியில் ஒட்டிய சூயிங்கத்தைத் தகட்டால் சுரண்டுவது, காபிக் கோப்பை விட்ட வட்டத்தை எடுப்பது, கண்ணாடிக் கதவில் பதிந்த நெற்றி அடையாளத்தைத் துடைப்பது, இதெல்லாம் என் வேலை. மனிதர்களை நான் முகத்தால் அறிந்தவள் இல்லை, அவர்கள் விட்டுப்போன அழுக்கால் அறிந்தவள். ஒரு தளத்தை முழுக்கத் துடைத்துவிட்டு நிமிர்வேன். லிஃப்ட் திறக்கும். மழையில் நனைந்த செருப்போடு ஒருவர் இறங்கி, போனைப் பார்த்தபடியே அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை நடப்பார். பின்னாலேயே அண்ணன் வந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தரையைப் பார்த்து, "இது என்ன?" என்பார். பொறுத்தார் பூமி ஆள்வார் என்கிறார்கள். நான் பொறுத்த பொறுமைக்கு ஒரு கண்டமே கிடைத்திருக்க வேண்டும். கிடைத்தது இந்தச் சரிவுதான்.

அதுவும் தூங்கிப்போனதால் கிடைத்தது. வேலை முடிந்து வரும்போது பேருந்தில் அசந்துவிட்டேன். கடைசி நிறுத்தத்தில் டிரைவர் எழுப்பி இறக்கிவிட்டார். திரும்பும் பேருந்துக்கு நேரம் இருந்ததால் மதிலோரமாக நடந்தேன். மரங்களுக்குக் கீழே இலைகள் கொட்டிக் கிடந்தன. என் கை தானாகத் துடைப்பத்தைத் தேடியது. நிஜமாகவே தேடியது, வலதுகை பக்கவாட்டில் போய்த் துழாவியது. அப்புறம்தான் உறைத்தது, இதை அள்ளச் சொல்லி என்னை யாரும் கேட்கப் போவதில்லை. இந்த வருட இலைக்கு அடியில் போன வருட இலை, அதற்கு அடியில் மண்ணாகிப்போன இலை. ஒருத்தரும் தொடாமலே எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அழுதுவிட்டுப் பார்த்தால் ஒரு மரத்தில் 'விற்பனைக்கு' என்று அட்டை தொங்கியது.

அண்ணனிடம் சொன்னபோது அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"வேலியில போற ஓணான எடுத்து மடியில விட்டுக்கிட்டியே! வீடும் கட்ட முடியாது, வாடகைக்கும் விட முடியாது. எதுக்கு அது?"

"உக்கார்றதுக்கு."

"உக்கார்றதுக்கு வீட்ல நாற்காலி இல்லையா?"

இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவருக்கு அது 'நம்ம நிலம்' ஆகிவிட்டது. எங்கள் வீட்டில் யார் எதை வாங்கினாலும் அப்படித்தான் ஆகும். வீடுதான் கட்டக்கூடாது, கொட்டகை போடலாமே என்று சாப்பிடும்போது யாரிடமோ சொல்வதுபோல் சொன்னார். நான் பதில் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

இங்கே எங்கள் குடும்பத்து வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதற்கு 'முதல் துடைப்பு' என்று பெயர். புதிதாக எதை வாங்கினாலும், பயன்படுத்துவதற்கு முன்னால் குடும்பமாகப் போய்ச் சுத்தம் செய்வோம். அப்பா ஏற்படுத்தியது. ஷோரூமிலிருந்து புத்தம்புது வேன் வந்தபோது அவர்கள் வாசலிலேயே வைத்துக் கழுவினோம். அந்த மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. எனக்குக் கல்யாணம் ஆனபோது, நான் குடிபோவதற்கு முந்தின நாள் மாப்பிள்ளை வீட்டை மேலிருந்து கீழ்வரை கழுவிவிட்டு வந்தார்கள். மாமியார் அதைச் சாகும்வரை மறக்கவில்லை. அவர் பிள்ளை அதற்கு முன்பே வேறொருத்தியோடு போய்விட்டார், நானும் தேடவில்லை. எங்களுக்கு இது அன்பைக் காட்டும் வழி. வேறு வழி எங்களுக்குத் தெரியாது. அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி நினைத்தால் எனக்குக் கோபம்கூட முழுசாக வருவதில்லை.

அன்று மதியம்தான் போவதாக அண்ணியிடம் சொல்லியிருந்தேன். மனசு கேட்காமல் காலையிலேயே கிளம்பிவிட்டேன். பேருந்தை விட்டு இறங்கும்போதே இரைச்சல் கேட்டது. தொழிற்சாலைக்கு இன்று விடுமுறையாயிற்றே என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். மதில் முடிகிற இடத்தில் எங்கள் வேன் நின்றது.

புல்லில் பாதி இல்லை. படுத்துக் கிடந்தது. மஞ்சளும் வெள்ளையுமாகப் பூத்திருந்த பகுதி அது. அண்ணன் காதில் அடைப்பானும் கையில் புல்வெட்டும் இயந்திரமுமாக, கார்ப்பெட்டில் தூசி உறிஞ்சுவது போலவே கோடு பிசகாமல் போய்க்கொண்டிருந்தார். மேலே மரங்களுக்கு அடியில் இலை ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றையும் வாரி, கறுப்புப் பைகளில் அடைத்து, வாய்கட்டி, வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். அண்ணி பக்கத்தில் சோப்புத் தண்ணீர் வாளியை வைத்துக்கொண்டு, முட்டி போட்டு, ஒரு மரத்தின் அடியில் படர்ந்திருந்த பாசியைத் தேய்ப்பான் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது. அது வாய்வரை வருவதற்குள் வேறு ஏதோவாகிவிட்டது.

அண்ணன் என்னைப் பார்த்துவிட்டு இயந்திரத்தை நிறுத்தினார். முகமெல்லாம் வேர்வை, முகமெல்லாம் சிரிப்பு.

"மத்தியானம் வந்து பாத்து அசந்து போவேன்னு இருந்தோம். முன்னாடியே வந்து கெடுத்துட்டியே!"

"என்ன பண்றீங்க?"

"என்ன கேள்வி இது? முதல் துடைப்பு. நீ தனியா வாங்கிட்டா நாங்க விட்டுடுவோமா? எவ்வளவு குப்பை தெரியுமா? ஒருத்தன்கூட இந்த இடத்துல இதுவரைக்கும் துடைப்பம் போட்டதில்ல."

அது உண்மைதான். அதற்காகத்தான் வாங்கினேன். நேராக மேலே ஏறிப் போய் முதல் பையின் முடிச்சை அவிழ்த்து, தலைகீழாகப் பிடித்து உதறினேன். அடுத்த பை. அதற்கடுத்தது. அண்ணி தேய்ப்பதை நிறுத்திவிட்டு அப்படியே பார்த்தார்.

"ஏய், உனக்கென்ன பைத்தியமா?" அண்ணன் ஓடி வந்தார். "விடியறதுக்கு முன்னாடி வந்து வாரினது! இடுப்பு ஒடிஞ்சு போச்சு!"

"வாரச் சொல்லி யாரு கேட்டா?"

"கேட்டாத்தான் செய்யணுமா? குப்பையக் கொட்றியே, அறிவில்ல?"

"இது குப்பை இல்ல."

"பின்ன என்ன?"

"இலை."

அவர் அண்ணியைப் பார்த்தார். அண்ணி வாளியைப் பார்த்தார். அண்ணன் குரலைத் தணித்துக்கொண்டு, பிடிவாதம் பிடிக்கும் வாடிக்கையாளரிடம் பேசுவாரே, அந்தக் குரலில் பேசினார்.

"சரி, விடு. இங்க பாரு. மேல அந்த நாலு மரத்த எடுத்துட்டா ஒரு கொட்டகை போடலாம். மெஷின் எல்லாம் இங்க வெச்சுக்கலாம். கீழ சமமாக்கிட்டா வேன் ரெண்டும் நிக்கும். உன் பேர்லயே இருக்கட்டும், நான் என்ன கேக்கவா போறேன்? நாலு பேரு பாத்தா என்ன சொல்லுவாங்க? பளிச்சு குடும்பத்து நிலம் இப்படிக் கெடக்குதேன்னு சிரிக்க மாட்டாங்க?"

"சிரிக்கட்டும்."

"இந்தப் புதருதான் உனக்குப் பெரிசுன்னா, நாளையிலேருந்து வேலைக்கு வர வேணாம்."

இதை அவர் மிரட்டலாகத்தான் சொன்னார். உடனே நான் இறங்கி வருவேன் என்று நினைத்திருப்பார், எப்போதும் இறங்கித்தான் வந்திருக்கிறேன். எனக்கு வேறு வேலை தெரியாது. இந்த வயதில் எவன் கொடுப்பான் என்பதும் தெரியாது.

"சரி," என்றேன்.

"என்ன சரி?"

"வரல."

அவர் சரிவில் இறங்கிப் போய், காதடைப்பானை மாட்டி, இயந்திரத்தைக் கிளப்பி, மீதிப் புல்லை நோக்கித் திருப்பினார். பேச்சு முடிந்தது, வேலையைப் பார்க்கிறேன் என்று அர்த்தம். நான் ஓடினேன். வழுக்கி விழுந்து, எழுந்து, அவருக்கு முன்னால் அந்த வெட்டாத புல்லுக்குள் போய் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தால் கழுத்துவரை புல். இரைச்சல் கிட்ட வந்தது. வெட்டுப்பட்ட துணுக்குகள் கன்னத்தில் வந்து அறைந்தன. பயமாகத்தான் இருந்தது. அண்ணன் வெட்டமாட்டார் என்று தெரியும், இருந்தும் பயமாக இருந்தது. கண்ணை மூடவில்லை.

இயந்திரம் நின்றது.

"எந்திரி."

"மாட்டேன்."

"எந்திரின்னு சொல்றேன்ல!"

"நீ போ."

அண்ணனை நான் அதுவரை 'நீ' என்று சொன்னதில்லை. சொன்ன எனக்கே காது சுட்டது. இனி இதற்குமேல் கெட என்ன இருக்கிறது என்று மீதியையும் சொன்னேன்.

"இந்த ஊர்ல நான் மிதிச்ச ஒவ்வொரு தரையும் யாரோ அழுக்காக்கி நான் துடைச்ச தரை. எனக்குன்னு ஒரு தரை இருந்ததில்ல. இது இருக்கு. இங்க அழுக்குன்னு ஒண்ணு இல்ல. செத்தது இருக்கு, அழுகினது இருக்கு, பூச்சி இருக்கு, அழுக்கு இல்ல. உன் தொழில நான் கேவலமாச் சொல்லல, அதுலதான் சோறு தின்னேன். ஆனா இங்க ஒரு துடைப்பம் வந்தா நான் அத ஒடிப்பேன். நீ கொண்டு வந்தாலும் ஒடிப்பேன். அப்பாவே எந்திரிச்சு வந்தாலும் ஒடிப்பேன்."

அப்பாவை இழுத்திருக்கக் கூடாதுதான். அண்ணன் கையை ஓங்குவாரோ என்று பார்த்தேன். ஓங்கவில்லை. இயந்திரத்தின் தகட்டில் ஒட்டியிருந்த புல்லை விரலால் வழித்துச் சுத்தம் செய்தார். அதைத் தள்ளிக்கொண்டு வேனுக்குப் போனார். பாதி வெட்டியும் வெட்டாமலும் கிடந்த நிலத்தை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் கை பரபரக்கும், எனக்குத் தெரியும். "வா!" என்று மேலே பார்த்து அண்ணியைக் கூப்பிட்டார்.

அண்ணி தேய்ப்பானும் கையுமாகச் சரிவில் மெதுவாக இறங்கி வந்தார். அவருக்கு இரண்டு முட்டியும் போய்விட்டது, பக்கவாட்டில்தான் இறங்குவார். எனக்குப் புத்தி சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்து, பதிலைத் தயாராக வைத்துக்கொண்டேன். அவர் பக்கத்தில் வந்து நின்று, புல்லைக் கையால் விலக்கிப் பார்த்து, "பூச்சி கடிக்குமா?" என்றார்.

"கடிக்கும்."

"உம்," என்று சொல்லிவிட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் பெரிதாக மூச்சு விட்டார். இத்தனை வருடத்தில் அண்ணி பகலில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சாப்பிடுவதுகூட நின்றுகொண்டுதான்.

"அந்தப் பாசி திரும்ப வருமா?"

"வரும். மெதுவா வரும்."

"மெத்துமெத்துனு இருந்துச்சு. தேய்க்கவே மனசு வரல."

"பின்ன ஏன் தேய்ச்சீங்க?"

"தேய்ன்னாரு, தேய்ச்சேன்." தேய்ப்பானைப் புல்லுக்குள் வைத்தார். உள்ளங்கை சோப்பில் ஊறிச் சுருங்கியிருந்தது. அதைப் புல்லின் நுனிகள் மேல் இப்படியும் அப்படியும் மெதுவாக ஓட்டினார். "அப்படியே எந்திரிக்கவே முடியாது போலிருக்கு."

"எதுக்கு எந்திரிக்கணும்?"

மதில் முனையிலிருந்து வேனின் ஹாரன் கேட்டது. ஒரு தடவை. கொஞ்சம் விட்டு, இரண்டாவது தடவை. பிறகு கையை எடுக்காமலே நீளமாக.

"அண்ணி, அண்ணன் கூப்பிடறாரு."

அண்ணி செருப்பைக் கழற்றித் தள்ளி வைத்துவிட்டு, முட்டி இரண்டையும் நீட்டிக்கொண்டார்.

"கூப்பிடட்டும்," என்றார்.