வரதராசாவின் சைலன்சர்

சைலன்சர் உடைவதற்கு நல்ல நாள் என்று ஒன்று கிடையாது. ஆனாலும் வரதராசாவின் கார், மகளைப் பார்க்கப் போகவேண்டிய வாரம் பார்த்துத்தான் வாயைப் பிளந்தது. வியாழக்கிழமை பின்னேரம் வீட்டுக்குப் போகும் ரொம்சோஸ் மேட்டில் ஏறும்போது அடியில் ‘டங்’ என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு அது போட்ட கூச்சலில் அடுக்குமாடிச் சனம் ஜன்னலுக்கு வந்துவிட்டது. பனிக்காலம் முழுக்க வீதியில் கொட்டிய உப்பு, ஏப்ரல் மாதத்தில் தன் வேலையைக் காட்டியிருந்தது.

மகள் அபிஷாவுக்குப் பத்து வயது. ஹாமர் நகரத்துக்கு அப்பால் ஒரு சிற்றூரில், ஒரு நோர்வேக் குடும்பத்தின் வளர்ப்பில் இருந்தாள். மனைவி யோகம்மா புற்றுநோயில் போன பிறகும் வரதராசா விடியப்புறத்தில் பத்திரிகை போடும் வேலையை விடவில்லை. பிள்ளையை நித்திரையில் விட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு போய் வருவான். ஒருநாள் பிள்ளை எழும்பி, அப்பாவைக் காணாமல், பனி கொட்டும் பல்கனியில் இரவு உடுப்போடு நின்று கத்தியிருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் தொலைபேசி எடுத்தார்கள். மிச்சமெல்லாம் மளமளவென்று நடந்தது. அவன் கெட்ட தகப்பன் என்று ஒருவரும் சொல்லவில்லை. பிள்ளையை மட்டும் சிறுவர் நலத்துறைக்காரர்கள் கொண்டுபோய்விட்டார்கள். சும்மா சொல்லக்கூடாது, பூட்டிவிட்டுப் போனது பிழைதான். அது அவனுக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

வருடத்தில் நாலு தடவை பிள்ளையைப் பார்க்கலாம். பக்கத்தில் மேற்பார்வைக்கு ஒரு பெண் இருப்பாள். அவளுக்கும் விளங்கவேண்டும் என்பதால் அப்பாவும் மகளும் நோர்வே மொழியில்தான் கதைக்கவேண்டும். பெப்ரவரிச் சந்திப்பு பிள்ளைக்குக் காய்ச்சல் என்று நின்றுபோனது. பிள்ளையைத் திருப்பித் தரச்சொல்லி அவன் போட்ட வழக்கு மே மாதம் விசாரணைக்கு வருகிறது. வழக்கறிஞர் அம்மா அவனைக் காணும்போதெல்லாம் சொன்னது ஒன்றைத்தான். ஏப்ரல் சந்திப்பை மட்டும் தவறவிடாதே. சொன்ன நாளுக்குச் சொன்னபடி வருகிற தகப்பன் என்று காட்டினால்தான் நான் அங்கே வாய் திறக்கமுடியும்.

ஹாமர் வரைக்கும் ரயில் உண்டு. அங்கிருந்து அந்த ஊருக்குச் சனிக்கிழமைகளில் பஸ் இல்லை, டாக்சிக்கு ஒரு வாரச் சம்பளம் போய்விடும். தெரிந்தவர்களிடம் கார் கேட்டிருக்கலாமே என்றால், அங்கேதான் சிக்கல். மகள் லண்டனில் மாமி வீட்டில் நின்று படிக்கிறாள் என்று ஊருலகத்துக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தான். குறொன்லாண்ட் தமிழ்க் கடையில் யாராவது விசாரித்தால், கணக்கில் கெட்டிக்காரியாம் என்று கூடச் சொல்லிவிடுவான். பிள்ளையைப் பறிகொடுத்தவன் என்ற பேச்சு கோயில் வரைக்கும் போய்விடும் என்ற பயம் அவனைத் தின்றுகொண்டிருந்தது. ஒரு காரைக் கேட்டால் எங்கே, எதற்கு என்று கேட்பார்கள்.

விஷயம் தெரிந்த ஒரே ஆள் சூசைரட்ணம். பஸ் டிப்போவில் பஸ் கழுவுகிறவன். அவனிடம் கார் இல்லை, கைவைத்தியம் நிறைய இருந்தது. கராஜ்காரர்கள் புதன்கிழமைக்கு முன்னால் கையை வைக்கமாட்டோம் என்று சொல்லிவிட்டதால், வெள்ளிக்கிழமை பின்னேரம் இருவரும் காருக்கு அடியில் படுத்தார்கள். சூசைரட்ணம் ஒரு நெய் டின்னை வெட்டி விரித்து, ஓட்டை விழுந்த குழாயைச் சுற்றிக் கம்பியால் இறுக்கினான்.

“மச்சான், ஊரிலை சண்டை நேரம் சாமானுக்குத் தடை போட்ட காலத்திலை பால்மா டின்னைச் சுத்திக்கொண்டுதான் கிண்ணியாப் பக்கமெல்லாம் மோட்டச்சைக்கிள் ஓடினனான். இது நெய் டின். இன்னும் திறமா நிக்கும்.”

“பொலிஸ் மறிச்சா?”

“சத்தம் இல்லாட்டி ஏன் மறிக்கப்போறான்? பேசாமல் இரு.”

“கொன்ட்ரோலும் முடிஞ்சுபோச்சடா.”

அதுவும் உண்மை. இந்த நாட்டில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை காரைப் பரிசோதனைக்குக் காட்டவேண்டும். இலக்கத் தகட்டின் கடைசி எண் அவனுடையதைப்போல் மூன்று என்றால் மார்ச் மாதத்துக்குள். பனி டயரைக் கழற்றும்போது எல்லாவற்றையும் சேர்த்துச் செய்யலாம் என்று வரதராசா தள்ளிப்போட்டிருந்தான். எல்லாரும் செய்கிற காரியம்தான். எல்லாருக்கும் ஒன்றும் ஆவதில்லை.

சனிக்கிழமை காலை, வெள்ளைச் சட்டை போட்டு, கோழிப் பொரியலைப் பெட்டியில் கட்டி, நேரத்தோடு புறப்பட்டான். கார் சாதுவாக ஓடியது. உள்ளே இலேசாகப் புகை மணத்தது. ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிட்டான். வழி நெடுக, மகளிடம் கேட்கவேண்டியதை நோர்வே மொழியில் வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். பள்ளிக்கூடம் எப்படி? பல் கொதி போய்விட்டதா? தகப்பன் மகளிடம் கேட்பதைப் பரீட்சைக்குப் படிப்பதுபோல் படிக்கவேண்டிய விதி வேறு எவனுக்கும் வரவேண்டாம்.

நெடுஞ்சாலை ஓரத் தரிப்பிடத்தில் பொலிஸ் நின்றது. வசந்தம் வந்ததும் மோட்டார் சைக்கிள்காரர்கள் சத்தக் குழாய் பூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அவர்களைப் பிடிக்கும் நாள் அது. தோல் சட்டைக்காரர்கள் ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். வரதராசாவையும் கை காட்டி மறித்தார்கள்.

வந்தவன் இளம் பொலிஸ்காரன். வணக்கம் சொன்னான். தகட்டின் எண்ணைப் பார்த்து, பரிசோதனைத் தவணை முடிந்துவிட்டதே என்றான். புதன்கிழமை கராஜில் நேரம் எடுத்திருக்கிறேன் என்று வரதராசா தனக்குத் தெரிந்த மொழியில் சொன்னான். பொலிஸ்காரன் தலையாட்டினான். கார் ஒழுங்காக இருந்தால் புதன்கிழமை வரைக்கும் விடலாம், எங்கே, அக்சிலரேட்டரை மிதி பார்ப்போம் என்றான்.

வரதராசாவுக்கு உயிர் வந்தது. மெதுவாக மிதித்தான்.

“இன்னும் கொஞ்சம்.”

இன்னும் கொஞ்சம் மிதித்தான். கம்பி அறுந்தது. துவக்கு வெடித்த மாதிரி ஒரு சத்தம். நெய் டின் கழன்று உருண்டு, பொலிஸ்காரனின் சப்பாத்தடியில் போய் நின்றது. மோட்டார் சைக்கிள்காரர்கள் கைதட்டினார்கள். பொலிஸ்காரன் கையுறையோடு அதை எடுத்து, சுருண்டுபோன படத்தையும் எழுத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“இது என்ன?”

“நெய்” என்றான் வரதராசா.

இந்த ஊர்ப் பொலிஸ்காரன் கத்தமாட்டான். கத்தினால் காலில் விழலாம், கெஞ்சலாம், வைது தீர்க்கலாம். இவன் குனிந்து அடியில் லைட் அடித்துப் பார்த்தான். சாரதி இருக்கையில் ஏறி, ஜன்னலை ஏற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் இருந்தான். இறங்கியபோது முகம் மாறியிருந்தது. பின் இருக்கையில் கிடந்த, சிறுபிள்ளையை உயர்த்தி இருத்தும் மெத்தையைக் காட்டினான்.

“பிள்ளை இதில் வருகிறதா?”

“முந்தி வந்தது. இப்ப இல்லை.”

“புகை உள்ளுக்கு ஏறுகிறது. இதிலுள்ள நஞ்சுக்கு மணமே கிடையாது. பிள்ளை நித்திரை என்று நீ நினைத்துக்கொண்டு ஓட்டுவாய்.”

பொலிஸ் வண்டியிலிருந்து ஸ்க்ரூட்ரைவரை எடுத்துக்கொண்டு வந்து, முன் தகட்டையும் பின் தகட்டையும் கழற்றினான். அவன் சொன்னதில் ஒரு சொல்லும் பிழை இல்லை. வரதராசாவை நொறுக்கியது அதுதான். அநியாயம் என்று கத்துவதற்குக்கூட ஒன்றும் மிஞ்சவில்லை.

அப்போதுதான் வரதராசா மகளைப் பற்றிச் சொன்னான். சொல்லிக்கொண்டு போகையில் மொழி கைவிட்டது. பொலிஸ்காரன் பொறுமையாகக் கேட்டான். உண்மையிலேயே மனம் இளகிவிட்டான். ஒரு டாக்சி பிடித்துத் தருகிறேன், ஒரு மணித்தியாலம் பிந்தும் என்று அவர்களிடம் சொல்லு என்றான்.

வரதராசா மேற்பார்வைக்காரிக்கு எடுத்தான். கார் பழுது என்று மட்டும் சொல்லி முடித்துவிட நினைத்தான். அவள் ஏன், எங்கே, எப்படி என்று கேட்கக் கேட்க வாய் குழறியது. பக்கத்தில் நின்ற பொலிஸ்காரனுக்குப் பார்க்கப் பாவமாக இருந்தது. நான் சொல்கிறேனே என்று தொலைபேசியை வாங்கினான். நான் பொலிஸிலிருந்து கதைக்கிறேன் என்று தொடங்கி, பரிசோதனைத் தவணை முடிந்த கதை, தகடு கழற்றிய கதை, உள்ளே ஏறும் புகை, டின்னைச் சுற்றி ஓட்டியது என்று ஒன்று விடாமல் விளக்கினான். பாவம் அந்த மனுசன், நல்லவர்தான் என்றும் சேர்த்துச் சொன்னான். அவன் சொன்ன ஒவ்வொன்றும் மே மாத விசாரணைக்குப் போய்ச் சேரும் என்பது வரதராசாவுக்கு அங்கேயே விளங்கியது. இடையில் புகுந்து தடுக்க ஒரு சொல் தேடினான்.

தொலைபேசி திரும்பி வந்தது.

“இன்றைக்கு வேண்டாம், வரதராசா. நீ களைத்திருப்பாய்” என்றாள் மேற்பார்வைக்காரி, இதமாக. “ஓகஸ்ட் சந்திப்பைப் பார்ப்போம். அபிஷா பக்கத்தில்தான் நிற்கிறாள். சொல்லிவிடு.”

மகளின் மூச்சு கேட்டது.

“அபி, அப்பாவாலை வர ஏலாமப் போச்சு அம்மா. கார் பழுதாப் போச்சு” என்றான். தமிழ்தான் வந்தது. ஒருவரும் தடுக்கவில்லை.

பிள்ளை நோர்வே மொழியில் கேட்டாள்: “அப்படியென்றால் இன்றைக்கு வரவே மாட்டீங்களா?”

“இல்லையம்மா.”

“அப்ப நான் இங்ரிட்டின் பிறந்தநாளுக்குப் போகலாமா? எல்லாரும் போகிறார்கள். நீங்கள் வருகிறீர்கள் என்று நான் மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.”

“போ, ராசாத்தி. போயிட்டு வா.”

“நன்றி, அப்பா!”

அந்தக் குரலில் இருந்த சந்தோசத்தை அவன் ஒரு சந்திப்பிலும் கேட்டதில்லை. அவள் ஓடுகிற காலடிச் சத்தம் கேட்டது. யாரோ தொலைபேசியை வைத்தார்கள்.

பொலிஸ்காரன் கழற்றிய தகடுகளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அவன் பக்கத்தில் வந்து நின்றான்.

“மகள் கவலைப்பட்டாளா?” என்று கேட்டான்.

“இல்லை” என்றான் வரதராசா.