வெல்வெட்டைத் தடவிப் பார்த்துவிட்டு வெட்டவும்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இது கதையாகப் பிறக்கவில்லை. பத்திரிகை ஆசிரியை என்னிடம் கேட்டது ஒரு பக்கக் குறிப்புகள். வீட்டில் தைப்பவர்களுக்கு, பலரும் அறியாத பத்து யோசனைகள். வழக்கமாக அதை எழுதும் அம்மாள் விடுப்பில் போய்விட்டாராம். "நீங்கதான் எதைப் பத்தி வேணும்னாலும் எழுதுவீங்களே சார்" என்றார். பாராட்டினாரா, குத்தினாரா என்று இன்னும் விளங்கவில்லை.

அவரே அனுப்பிய பட்டியலில் ஆறாவது வரி: 'வெல்வெட்டைத் தடவிப் பார்த்துவிட்டு வெட்டவும்.' அதில் மாட்டிக்கொண்டேன். தடவிப் பார்க்காமல் யாரோ வெட்டியிருக்கிறார்கள். அதனால்தான் இந்த அறிவுரை. அவ்வளவு பெரிய தவறைத் தனி மனிதர் செய்ய முடியாது. அதற்கு ஒரு குழு வேண்டும்.

இப்படி ஆரம்பித்தேன்:

'வாழ்க்கை என்பதே ஒரு துணி. அதில் விதி என்னும் ஊசி–'

அடித்துவிட்டேன். வாழ்க்கையைத் தையலோடு ஒப்பிடும் எழுத்தாளர்களை உட்காரவைத்து ஒரு பட்டன் தைக்கச் சொல்ல வேண்டும். பாதிப் பேர் திருந்திவிடுவார்கள். மீதிப் பேர் விரலில் வந்த ரத்தத்தைப் பற்றிக் கவிதை எழுதுவார்கள்.

2

ஆகவே நேராக நர்ஸம்மாவிடம் வருவோம்.

நாற்பத்தெட்டுக் குடித்தனங்கள் உள்ள அடுக்குமாடியில் மூன்றாவது மாடி. பகலில் பாதி ஆஸ்பத்திரியில், பாதி தையல் மெஷினில். மெஷின் இருப்பது சமையலறையில், ஃபிரிட்ஜுக்கும் பாத்திரம் கழுவும் தொட்டிக்கும் நடுவே. கணவர் தண்ணீர் எடுக்க வரும்போதெல்லாம் அவர் எழுந்து, நாற்காலியை மடக்கி, சுவரோடு சுவராக ஒட்டி நிற்க வேண்டும். கணவருக்கோ தாகம் அதிகம்.

நர்ஸம்மா ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று: கீழ்த்தளத்தில் மாடிப்படிக்கு அடியில் சும்மா கிடக்கும் அறை. உள்ளே நான்கு உடைந்த நாற்காலிகளும் ஒரு பழைய அறிவிப்புப் பலகையும். மூன்று முறை மனு கொடுத்தார். மூன்று முறையும் சங்கச் செயலாளர் ஒரே பதிலைச் சொன்னார்.

"தையல் உங்களுக்குப் பொழுதுபோக்குதானேம்மா? பொழுதுபோக்குக்கெல்லாம் ரூம் குடுத்தா, நாளைக்கு ஒருத்தர் கேரம் போர்டைத் தூக்கிட்டு வந்து நிப்பாரு."

செயலாளருக்குக் குடியிருப்பில் வைத்த பெயர் 'துணைக்குழு'. குழாய் ஒழுகினால் முதலில் துணைக்குழு அமைப்பார், பிளம்பர் அப்புறம்.

(இங்கே எனக்கு ஒரு சந்தேகம். நர்ஸம்மா ரொம்ப நல்லவராகப் போய்க்கொண்டிருக்கிறார். அப்படிப்பட்டவர்களை நான் நம்புவதில்லை. ஆகவே ஒரு குறை: கணவர் ஒருநாள் அவசரத்துக்கு அவருடைய துணிக் கத்தரியால் பால் பாக்கெட்டை வெட்டிவிட்டார். மூன்று நாள் அவரோடு மகள் மூலமாகத்தான் பேச்சு. "உங்கப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு. கத்தரிக்கோல் எதுவும் தேவைப்படாதுன்னும் சொல்லு.")*

* குறிப்பு கேட்ட ஆசிரியைக்கு: துணிக் கத்தரியின் இரண்டு வளையங்களையும் சேர்த்து ஒரு சின்னப் பூட்டைப் போட்டுவிடவும். கத்தரியும் பிழைக்கும், குடும்பமும் பிழைக்கும்.

3

கீழ்த்தளத்தில் புது அரங்கம். மாலை ஆறு மணிக்குத் திறப்பு விழா. மேடைக்கு அரக்குச் சிவப்பில் வெல்வெட் திரை, இரண்டு பாதி. திரைத் துணைக்குழுவின் ஐந்து உறுப்பினர்களும் தையல்காரரை நம்பாமல், துணியைத் தாங்களே அளந்து வெட்டிக் கொடுத்திருந்தார்கள்.

மதியம் மாட்டினார்கள். இடது பாதி ஆழ்ந்த அரக்கு. வலது பாதி வெளிறிப் பளபளத்தது. ஒரே துணி, இரண்டு கட்சி.

"கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்றார் ஓர் உறுப்பினர்.

"பல்பு சரியில்ல. மாத்துங்க" என்றார் செயலாளர்.

"மூணு தடவை மாத்தியாச்சு சார். இனி சூரியனைத்தான் மாத்தணும்" என்றார் ஏணி மேலிருந்த எலக்ட்ரீஷியன். அவர்தான் நர்ஸம்மாவின் தாகமுள்ள கணவர்.

காலை டியூட்டி முடிந்து, யூனிஃபார்மோடு உள்ளே வந்தார் நர்ஸம்மா. பையைக் கீழே வைத்தார். இடது திரையை ஒரு தடவு. வலது திரையை ஒரு தடவு.

"நீங்க பூனையத் தடவியிருக்கீங்களா சார்?"

"எனக்குப் பூனைன்னா அலர்ஜி."

"தலையிலேருந்து வாலுக்குத் தடவினா வழவழன்னு படியும். வாலிலேருந்து தலைக்குப் போனா சிலுத்துக்கும். இந்தத் துணியும் அதே ஜாதிதான். இடதுல மயிர் மேல பாத்திருக்கு, வலதுல கீழ பாத்திருக்கு. வெளிச்சம் வேற மாதிரி விழுது. ஒரு பாதியைத் தலைகீழா வெட்டிட்டாங்க."

"யாரு வெட்டினது?"

ஐந்து உறுப்பினர்களும் கூரையின் அழகை ரசித்தார்கள்.

"சரி, இதை ஆராய உடனடியா ஒரு துணை–"

"ஆறு மணிக்கு விழா சார். வலது பாதியைப் பிரிச்சு, மேல் கீழா மாத்தித் தைக்கணும். என் சமையல்கட்டுல இவ்வளவு துணி நுழையாது. அந்த மாடிப்படி ரூமைத் திறங்க."

"தற்காலிகமாத்தான்..."

"ஆமா சார். தற்காலிகமாத்தான்."

மெஷினை மூன்று மாடி இறக்கியதில் ஒரு பக்கம் பிடித்தவர் செயலாளர்.

[இந்த இடத்தில் அவர் குனியும்போது கால்சட்டை கிழிவதாக ஒரு பத்தி எழுதியிருந்தேன். நல்ல பத்தி. ஆனால் கிழிந்திருந்தால் நர்ஸம்மா அதையும் தைக்க உட்கார்ந்துவிடுவார். எனக்கு நேரம் போதாது. தவிர, மனிதர் மெஷினை ஓரிடத்திலும் தட்டாமல்தான் இறக்கினார். பந்தாப் பேர்வழிகளுக்கும் தோள் இருக்கிறது. எழுதியதைக் கிழித்துவிட்டேன், கால்சட்டைக்குப் பதிலாக.]

4

முதல் வேலை பிரிப்பது. தடவாமல் வெட்டிய ஐவரையும் தரையில் வரிசையாக உட்காரவைத்தார்.

"ஒவ்வொரு தையலா பிடுங்காதீங்க. ஒரு பக்கம் நாலு தையலுக்கு ஒண்ணை வெட்டுங்க. அப்புறம் திருப்பிப் போட்டு, அந்தப் பக்கத்து நூலை இழுங்க. மொத்தமா வந்துரும்."

வந்தது. ஐவரில் ஒருவர் கைதட்டிவிட்டார்.

பழைய மடிப்பின் தழும்புக்கு, மின்கெட்டிலின் ஆவியைத் துணியின் பின்பக்கம் காட்டி, பல்துலக்கும் பிரஷ்ஷால் முன்பக்கம் மெல்ல வாரினார். இஸ்திரிப் பெட்டி முகத்தில் பட்டால் வெல்வெட் செத்துவிடும்.

நாலரை மணிக்குத்தான் சோதனை. தைக்கும்போது துணியின் மேல் துணி வழுக்கிக்கொண்டே போனது. பாதி தூரம் தைத்துப் பார்த்தால் ஓரம் பாம்பு மாதிரி நெளிந்திருந்தது. பிரித்தார். மறுபடி தைத்தார். மறுபடி நெளிந்தது. நர்ஸம்மா ஊசியைத் தூக்கிவிட்டுத் துணியை வெளியே உருவினார். இந்த அறையில் அவர் தைக்கும் முதல் வேலை. இது கெட்டால் நான்காவது மனு எழுதக்கூட முகம் இருக்காது.

"மெல்லிசா பேப்பர் வேணும்" என்றார். "துணிக்கு நடுவுல வச்சுத் தைச்சா வழுக்காது. அப்புறம் கிழிச்சு எடுத்துடலாம்."

"நியூஸ்பேப்பர்?"

"மை ஒட்டும்." அவர் கண்கள் செயலாளரின் கையில் நிலைத்தன. மெல்லிய தாளில் அச்சிட்ட, பதினொரு பக்க வரவேற்புரை.

"நர்ஸம்மா, இது பேச்சு..."

"பரவால்ல சார். இதுல இருக்கிறது எதுலயும் ஒட்டாது."

ஒன்பது பக்கங்கள் நீள நீளமாகக் கையால் கிழிபட்டன. 'தொலைநோக்குப் பார்வை' ஒரு மடிப்புக்குள் போனது. 'அயராத உழைப்பு' இன்னொரு மடிப்புக்குள். மெஷின் சீராக ஓடியது. ஓரம் அளவுகோல் வைத்துக் கிழித்த கோடு மாதிரி வந்தது.

ஆறுக்குப் பத்து. திரை ஏறியது. நர்ஸம்மாவின் வெள்ளை யூனிஃபார்ம் முழுக்கச் சிவப்புத் தூசி. கணவர் விளக்கைப் போட்டார். இடதும் வலதும் ஒரே அரக்கு. எது எங்கே சேர்கிறது என்று பார்த்தவர்களுக்குத் தெரியவில்லை. தரையில் உட்கார்ந்திருந்த ஐவரும் எழுந்து நின்றார்கள், ஏதோ தாங்களே பெற்றெடுத்த மாதிரி.

செயலாளர் மிச்சமிருந்த இரண்டு பக்கங்களைப் படித்தார். அவருடைய பொதுவாழ்வில் அதுதான் மிகச் சிறந்த பேச்சு. ஜனங்கள் எழுந்து கைதட்டினார்கள்.

5

முடிவு. மேடையிலேயே சாவியை வழங்குவதாக ஒன்று எழுதினேன்; பொன்னாடை வரை போய்விட்டது, நிறுத்திவிட்டேன். சாவி மறுக்கப்பட்டு அவர் கண்ணீரோடு படியேறுவதாக இன்னொன்று. நர்ஸம்மாவை அழவைக்கும் தைரியம் எனக்கில்லை. ஊசி போடுகிற கை அது.

நடந்தது இவ்வளவுதான். மறுநாள் காலை செயலாளர் வந்தார். "மெஷினை மேல கொண்டுபோயிடலாமாம்மா?"

"எடுத்துடலாம் சார். ஆனா முறைப்படி போகணும்ல? ஒரு துணைக்குழு போட்டு முடிவு பண்ணுங்க. அதுவரைக்கும் இங்கயே இருக்கட்டும்."

போட்டார். அவரால் போடாமல் இருக்க முடியாது. ஐந்து பேர் குழு. நான்கு பேர் வாக்களித்துவிட்டார்கள், இரண்டுக்கு இரண்டு. ஐந்தாவது நாற்காலி காலி. வாசகரே, அது உங்களுக்கு. முடிவை நான் எழுதப் போவதில்லை.

வாக்களிக்கப் போகும் வழியில்தான் அந்த அறை. கதவு திறந்திருக்கும். உங்கள் சட்டையில் ஒரு பட்டன் தொங்கிக்கொண்டிருப்பதை உங்களுக்கு முன்னால் அவர் பார்த்துவிடுவார். "உள்ள வாங்க" என்பார். பட்டனுக்கு அடியில் ஒரு தீக்குச்சியை வைத்துத் தைத்து, குச்சியை உருவிவிட்டு, தளர்ந்த நூலைச் சுற்றி முடிச்சுப் போடுவார். இனி அந்தப் பட்டன் அசையாது.

அதன் பிறகு, அவருக்கு எதிராகக் கை தூக்க முடிந்தால் தூக்குங்கள்.