தெருவுக்கு ஒரே முகவரி

அந்தத் தெருவாசிகள் அனைவரும் மாலையானதும் ஒரே வீட்டுக்குத் திரும்பினார்கள். யார் சாவியைப் போட்டாலும் பூட்டு திறந்தது. தபால்காரர் முதல் பல் டாக்டர் வரை செருப்பைக் கழற்றிவிட்டு, அவரவர் வீடென்றே நம்பி, ஃபிரிட்ஜைத் திறந்து, "பாட்டில்ல தண்ணி பிடிச்சு வைக்கணும்னு யாருக்குமே தோணாதா?" என்று சத்தம் போட்டார்கள். வீடு இன்டர்நெட் கம்பெனி இன்ஜினியரம்மாவுடையது. தப்பும் அவளுடையதே. பழைய வகை இணைய முகவரிகள் தீர்ந்துபோனபோது, இப்போதைக்கு இருக்கட்டும் என்று தன் வீட்டு இணைப்பின் முகவரியையே தெரு முழுக்கப் பொதுவாக்கியிருந்தாள். அந்த 'இப்போதைக்கு' ஆறு வருடம் ஓடியது. கம்பிக்குள் போன தகவல்கள் வழி தவறவில்லை. மனிதர்கள் தவறினார்கள்.

அவள் கணவன் பொறுத்துப் பார்த்தான். பல் டாக்டர் கட்டிலில் ஏறி, "சார், கொஞ்சம் தள்ளிப் படுங்க" என்றதும் பெட்டியை எடுத்தான். "ஞாயித்துக்கிழமை மத்தியானத்துக்குள்ள அவங்க போகணும், இல்ல நான் போறேன். உன்னைத்தான் கட்டிக்கிட்டேன், தெருவை இல்ல."

அவள் முதலாளியிடம் ஓடினாள். முதலாளி அவளுக்குப் பெரியப்பா முறை. புதுவகை முகவரிகள் உலகத்தில் கொட்டிக் கிடந்தன; ஊசிக்கொன்று நூலுக்கொன்று கொடுத்தாலும் மிஞ்சும்.

"புதுசுக்கு நாம தயார்னு வாசல்ல போர்டே மாட்டியாச்சேம்மா."

"போர்டு தயார் பெரியப்பா. முகவரி பிரிச்சுக் கொடுக்கிற மெஷின் தயாரில்ல. என் வீட்டுக்காரர் கிளம்பிடுவார்."

"யாரு, நம்ம வீட்டு மூலையில உம்முன்னு உக்காந்திருப்பாரே, அவரா?"

பெரியப்பாவும் அதே தெருதான். அவள் தலையிலடித்துக்கொண்டு, அவர் செலவிலேயே மெஷினை மாற்றினாள். ஆறு வருடக் கஞ்சத்தனத்துக்கு ஈடாக வீட்டுக்கு ஒரு மூட்டை முகவரி என்று அள்ளி விட்டாள். ஞாயிறு மதியம் தாண்டியபிறகுதான் வேலை முடிந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் பாதிக் கவளத்தில் எழுந்து, நிறுத்தம் வந்த பயணிகளைப் போல அவரவர் வீட்டுக்கு நடந்தார்கள். பெரியப்பா மட்டும் தட்டோடு போனார்.

"சொன்ன நேரம் தாண்டியாச்சு" என்று கணவன் பெட்டியை இழுத்துக்கொண்டு வாசற்கதவைத் திறந்தான். அங்கே தெரு இல்லை. ஓர் அறை இருந்தது. அதன் கதவைத் திறந்தான், இன்னோர் அறை. வீட்டுக்கு வந்த முகவரி ஒவ்வொன்றும் தனக்கென்று ஓர் அறை கட்டிக்கொண்டிருந்தது. ரோஷக்காரன், விடாமல் நடந்தான். செவ்வாய்க்கிழமை போன் செய்தான்.

"இங்க ஒரு ரூம்ல பால்கனி இருக்கு. காத்து பிச்சுக்கிட்டு அடிக்குது. ஒருத்தன்கூட இல்ல."

"அதுக்கு?"

"தலகாணி ஒண்ணுதான் இருக்கு."

அவள் இன்னொரு தலையணையை இடுக்கிக்கொண்டு, ஒரு வாரத்துக்கு லீவு சொல்லிவிட்டு, முதல் கதவைத் திறந்தாள்.